படக்குழாயை விட்டு வந்த விளையாட்டு

வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியும், அதனோடு இணைத்து விளையாடும் கன்சோல் என்னும் யந்திரமும் 30 ஆண்டுகளுக்கு மேலாக விருந்தோம்பல் முறை தவறாமல் ஒருங்கே வாழ்ந்துவந்தன. 1972-ல் அமெரிக்காவில் மேக்னவாக்ஸ் கம்பெனியார் ஒடிஸி என்ற முதல் வீட்டு விளையாட்டு யந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, வர்ணம் காட்டுவதற்கோ ஆடுகளத்தை வரைவதற்கோ அதற்குச் சக்தி இல்லாமையால், சித்திரம் அச்சிட்ட மெல்லிய பிளாஸ்டிக் தாள்களை டி.வி.யின் கண்ணாடிமேல் ஒட்டிக்கொண்டு, அவற்றின் பின்னாலிருந்து ஒளிரும் இரண்டொரு வெண்புள்ளிகளை நகர்த்தி விளையாடும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள். பெட்டிகள் வீட்டுக்கு வீடு சிறிதும் பெரிதுமாக இருக்குமென்று கருதி, தாள்களையும் இரண்டு அளவுகளில் கொடுத்தார்கள். வந்தவர் விரித்த பாயில் உட்கார்ந்து, இட்டதை உண்டு, வீட்டாரின் வசதிக்குத் தக்கபடி நடந்துகொண்டார். அதற்குப் பின் வந்த அடாரியும் நின்டெண்டோவும் சேகாவும் சோனியும் பெரும்பாலும் அந்த மரியாதையைக் காத்தே வந்தன. 2005 நவம்பரில் மைக்ரோஸாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 வந்து இறங்கியபோதுதான் விருந்தாளி வீட்டுக்காரரை நிமிர்ந்து பார்த்து, இந்தப் பாய் எனக்குப் போதாது என்று வாய்விட்டுச் சொன்னார். மறு வருஷ நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 3 அதையே இன்னும் உரத்த குரலில் சொல்லிற்று.

அவர்கள் கேட்டது இன்னதென்று விளங்கிக்கொள்ளக் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். அமெரிக்கத் தொலைக்காட்சியின் சித்திரம் 525 வரிகளால் ஆனது என்று 1941-ல் விதி செய்தார்கள். அவற்றுள் படத்தைத் தாங்கி வருபவை ஏறக்குறைய 480. அந்த 480-ம் ஒரே சமயத்தில் வருவதில்லை. ஒற்றைப்படை வரிகள் ஒரு நொடிப் பங்கிலும் இரட்டைப்படை வரிகள் அடுத்த பங்கிலுமாக, விநாடிக்கு 60 அரைச் சித்திரங்கள் மாறி மாறி வந்து, நம் கண்ணின் மந்தத்தை நம்பி முழுச் சித்திரமாகத் தோன்றின. ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் நம் நாட்டிலும் வரிகள் 625, விநாடிக்கு 50 அரைச் சித்திரங்கள். இந்தக் கணக்கு போதாதென்று முதலில் தீவிரமாக யோசித்தவர்கள் ஜப்பானிய ஒலிபரப்பு ஸ்தாபனமான என்.எச்.கே.யார், டோக்கியோ ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்த 1964-லேயே உயர்தெளிவுத் தொலைக்காட்சிக்கான ஆராய்ச்சியை அவர்கள் தொடங்கி, 1125 வரிகள் கொண்ட முறையொன்றை உருவாக்கினார்கள். அந்த ஆராய்ச்சியின் வழித்தோன்றல்தான் இன்று எச்.டி. என்று சர்வ சாதாரணமாகச் சொல்லப்படுவது. 1280-க்கு 720 என்ற கட்டத்தில் 9,21,600 புள்ளிகள். 1920-க்கு 1080 என்ற கட்டத்தில் 20,73,600. பழைய 640-க்கு 480-ல் இருந்தவை 3,07,200 மட்டுமே. ஆகவே சிறிய எச்.டி. கூடப் பழையதைப்போல் சரியாக மும்மடங்கு.

மும்மடங்கு தெளிவு என்ற வாக்குறுதியை நம்பிப் புதிய டி.வி. வாங்கியவர்களுக்கு முதல் நாளே நேர்ந்த சில விநோதங்களைச் சொல்லாமல் விட முடியாது. 1080 வரிகள் வரை காட்டவல்ல பிளேஸ்டேஷன் 3-இன் பெட்டிக்குள் கம்பெனியார் வைத்துக் கொடுத்த கேபிள், பழைய காலத்து மஞ்சள் முனைக் கேபிள், எச்.டி.எம்.ஐ. கேபிளைத் தனியாக வாங்கிச் செருகாதவரை, அத்தனை பணம் கொடுத்து வாங்கிய திரையில் பழைய மங்கல் சித்திரமே பெரிதாகத் தெரிந்தது. இன்னும் பரிதாபம், எல்லோருக்கும் முந்திக்கொண்டு சில ஆண்டுகள் முன்பே எச்.டி. வாங்கிய அமெரிக்கர்கள் சிலரது நிலை. அவர்களது கனமான குழாய் டி.வி.க்களில் பல, 1080 வரிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக ஏற்குமே தவிர 720-ஐ ஏற்பதில்லை. எக்ஸ்பாக்ஸ் தன் சித்திரத்தை அதற்குத் தக்கபடி தானே மாற்றிக் கொடுத்துவிடும். பிளேஸ்டேஷன் 3-ஓ, 720-க்கென்று எழுதிய பல விளையாட்டுகளை அந்தப் பெட்டிகளில் 480-க்கு இறக்கிவிட்டது. முதலில் வரிசையில் நின்றவர்களுக்குக் கடைசிப் பந்தியில் இலை கிடைத்தது.

மறுபுறம், புதிய திரை வாங்காமல் பழைய பெட்டியிலேயே விளையாடலாமென்று இருந்தவர்களும் நிம்மதியாக இருக்கவில்லை. 2006-ல் காப்காம் கம்பெனியார் வெளியிட்ட டெட் ரைசிங் என்ற விளையாட்டில், கதாநாயகனுக்கு இடும் கட்டளைகளெல்லாம் எழுத்தில் வரும். அந்த எழுத்து எச்.டி. திரையை மனத்திற்கொண்டு பொடியாக அச்சிடப்பட்டிருந்தமையால், சாதாரண டி.வி.யில் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தாலும் படிக்க முடியவில்லை என்று எங்கும் முறையீடு எழுந்தது. எழுத்தைப் படிக்க முடியாதவனுக்கு அடுத்து எங்கே போவதென்று தெரியாது. எங்கே போவதென்று தெரியாதவன் விளையாட்டை விட்டே விலக வேண்டியதுதான். புதிய திரை வாங்குவது உல்லாசம் என்ற நிலை மாறி நிர்ப்பந்தமாகியது அந்தச் சின்ன எழுத்துக்களால் என்றுகூடச் சொல்லலாம்.

இனி, வரிகளின் எண்ணிக்கையே தெளிவு என்ற நம்பிக்கைக்கு விழுந்த அடியையும் பார்ப்போம். எக்ஸ்பாக்ஸ் 360-க்கு 720-ஐ அடிப்படை அளவாக மைக்ரோஸாஃப்டார் முழங்கியிருக்க, அந்த யந்திரத்தின் கௌரவத்தையே தாங்கிநின்ற ஹாலோ 3 என்ற விளையாட்டு 2007-ல் வெளிவந்தது. சித்திரத்தின் சாய்வான விளிம்புகளில் தெரியும் படிக்கட்டுகளைப் பொறுமையாக எண்ணிப் பார்த்த சில ரசிகர்கள், இது 720 அல்ல, 640 வரிகளே என்று கண்டுபிடித்தார்கள். அதை உருவாக்கிய பங்ஜி நிறுவனத்தார் உண்மையை ஒப்புக்கொண்டு, காரணமும் சொன்னார்கள்: வெயிலின் கூச்சத்தையும் நிழலின் ஆழத்தையும் ஒரே காட்சியில் காட்டும்பொருட்டு ஒவ்வொரு சித்திரத்தையும் இரண்டு பிரதிகளாகத் தீட்டிச் சேர்க்கிறோம், அதற்கு இடம் வேண்டி வரிகளைக் குறைத்தோம் என்றார்கள். அதே வருஷத்தில் வந்த கால் ஆஃப் ட்யூட்டி 4, விநாடிக்கு 60 சித்திரங்கள் என்ற ஓட்டத்தைக் காப்பதற்காக 600 வரிகளோடு திருப்தியடைந்தது. இவற்றை மோசடி என்று அன்று பலர் தூற்றினார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. வெளிச்சத்துக்காக ஒருவரும் வேகத்துக்காக மற்றொருவரும் வரிகளை விட்டுக்கொடுத்தது, சித்திரக்காரன் சித்திரக்காரனாக நடந்துகொண்டதற்கு அடையாளம். வரிகளை எண்ணுவது வியாபாரியின் காரியம், எதை விட்டு எதைக் கொள்வது என்று தீர்மானிப்பது கலைஞனின் காரியம்.

திரை என்பது அப்பால் நடப்பதைக் காட்டும் ஜன்னல் அன்று, விளையாட்டின் உடலில் ஒரு பாதி என்பதே நான் சொல்ல விரும்புவது. இதை நன்கு உணர்த்துவது புதிய திரையைவிடப் பழைய குழாய்தான். ஆனால் எது பழையது, எது புதியது என்பதிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. படக்குழாயின் மூதாதையை ஜெர்மானிய விஞ்ஞானி கார்ல் ஃபெர்டினாண்ட் ப்ரௌன் செய்து காட்டியது 1897-ல். இன்றைய எல்.சி.டி. திரைகளுக்கு ஆதாரமான திரவப் படிகத்தை ப்ராக் நகரில் இருந்த தாவர சாஸ்திரி ஃப்ரீட்ரிஷ் ரைனிட்சர் கண்டதோ அதற்கு ஒன்பது ஆண்டு முன்பு, 1888-ல்; கொலஸ்டிராலிலிருந்து செய்த ஒரு பொருள் 145.5 டிகிரி உஷ்ணத்தில் உருகிக் கலங்கலாக நிற்பதையும், 178.5 டிகிரியில் அந்தக் கலக்கம் நீங்கித் தெளிவதையும் கண்டு, ஒரே பொருளுக்கு இரண்டு உருகுநிலைகளா என்று அவர் திகைத்தார். கண்டுபிடிப்பில் இளையது முதலில் அரங்கேறி, மூத்தது ஒரு நூற்றாண்டு காத்திருந்து அதைத் துரத்தியது.

குழாயின் கண்ணாடிக்குப் பின்னே மூன்று எலெக்ட்ரான் கற்றைகள் இடமிருந்து வலமாக ஓடி, உட்புறம் பூசிய பாஸ்பரத்தைத் தொட்ட இடத்தில் ஒளி தோன்றி, மறுகணமே மங்கத் தொடங்குகிறது. அந்த ஒளிப்பொட்டுக்குக் கூரிய விளிம்பு கிடையாது. அது பக்கத்துப் பொட்டோடு சற்றே கசிந்து கலக்கும். பழைய கன்சோல்கள் 480 வரிகளில் பாதியை மட்டும் பயன்படுத்தி மறுபாதியை இருளாக விட்டமையால், வரிகளுக்கிடையே மெல்லிய கருமை ஓடிக்கொண்டிருக்கும். மஞ்சள் முனைக் கேபிளோ ஒளியையும் வர்ணத்தையும் ஒரே கம்பியில் குழைத்து அனுப்புவதால், வர்ணங்கள் விளிம்பு தாண்டி வழியும். இவையெல்லாம் குற்றங்களே, பொறியியல் நூலில் இவற்றைக் குற்றங்களென்றே எழுதுவார்கள். ஆனால் 1980-களிலும் 90-களிலும் விளையாட்டுகளுக்குச் சித்திரம் எழுதியவர்கள் இந்தக் குற்றங்களையே சாயமாகவும் தூரிகையாகவும் கொண்டார்கள்.

1991-ல் சேகா வெளியிட்ட சோனிக் தி ஹெட்ஜ்ஹாக் விளையாட்டின் அருவி ஒன்று போதும். பின்னால் உள்ள பாறை தெரியும்படி நீரைத் தீட்ட மெகா டிரைவ் யந்திரத்துக்கு வகையில்லை. சித்திரக்காரர் என்ன செய்தார்? அருவியைச் செங்குத்தான கோடுகளாக, ஒரு கோடு நீர், ஒரு கோடு வெறுமை என்று இடைவிட்டுத் தீட்டினார். மஞ்சள் முனைக் கேபிளால் அத்தனை நெருக்கமான கோடுகளைப் பிரித்துக் காட்ட முடியாது. நீரும் வெறுமையும் வழியிலேயே கலந்து, திரையில் பாறைமேல் வழியும் கண்ணாடி போன்ற அருவியாக விழுந்தன. அதே விளையாட்டைப் பிசகில்லாத எச்.டி. திரையில் போட்டுப் பாருங்கள்: அருவி இல்லை, நீல வர்ணச் சீப்பு ஒன்று நிற்கிறது. சீப்புதான் உண்மை என்று புதிய திரை சாதிக்கிறது. யந்திரத்தின் ஞாபகத்தில் இருப்பது சீப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் அதை எழுதியவர் காண விரும்பியதும், சிறுவர்கள் கண்டதும் அருவியே அன்றோ! இரண்டில் எதை மூலப்படைப்பு என்பது? வேறு கலைகளைப்பற்றி இந்தக் கேள்வியைக் கேட்டுத் தலையை உடைத்துக்கொண்ட விமர்சகர்கள், விளையாட்டு என்ற ஒரே காரணத்தால் இதைக் கவனிக்காமல் போய்விட்டார்கள்.

வடிவத்தின் சங்கதியும் உண்டு. நின்டெண்டோவின் சூப்பர் ஃபாமிகாம் 256-க்கு 224 என்ற கட்டத்தில் தீட்டியதை, நாலுக்கு மூன்று என்ற பழைய டி.வி. வடிவத்தில் விரித்துக் காட்டுவார்கள். அதனால் ஒவ்வொரு புள்ளியும் உயரத்தைவிட அகலம் சற்று மிகுந்தே தெரியும். அதையும் பதினாறுக்கு ஒன்பது என்ற புதிய அகலத்துக்கு இழுத்துவிட்டால் விளையாட்டின் நாயகன் மேரியோவுக்கு உடல் பருத்துவிடுகிறது. இதற்கு ரிமோட்டிலேயே வைத்தியம் இருக்கிறது. ஆயினும் எத்தனையோ வீடுகளில் ஊதிப்போன மனிதர்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

தெளிவு ஒரு படைப்பைக் கெடுத்ததற்கு எடுத்துக்காட்டாக நான் முதலில் நிறுத்துவது சைலன்ட் ஹில் என்ற விளையாட்டை. கோனாமி கம்பெனியார் 1999-ல் வெளியிட்ட முதல் சைலன்ட் ஹில், ஓர் ஊர் முழுவதையும் மூடுபனியில் மூழ்க வைத்தது. அந்தப் பனி பிறந்தது பயமுறுத்துவதற்காக அன்று. முதல் பிளேஸ்டேஷனால் தூரத்துத் தெருவையும் கட்டிடங்களையும் தீட்டிக்கொண்டிருக்க முடியாதென்பதால், அந்த இயலாமையை மறைக்க இழுத்த திரை அது. ஆனால் பத்தடிக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று தெரியாத தெருவில் தனியே நடப்பவன் மனநிலைக்கு அதைவிடப் பொருத்தமான சிருஷ்டி வேறு கிடையாது. 2001-ல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த இரண்டாம் விளையாட்டு, சக்தி கூடியும் பனியை விடவில்லை. தேவையாய்ப் பிறந்தது அதற்குள் ஆத்மாவாகிவிட்டது. 2012-ல் எச்.டி. பதிப்பு என்று ஒன்றை வெளியிட்டார்கள். முடிவான நிரல் முழுதும் பாதுகாக்கப்படாமையால், அரைகுறையாக இருந்ததை வைத்துக்கொண்டு வேலை செய்தவர்களின் கையில் பனி மெலிந்துபோயிற்று. பனி விலகியதும் என்ன தெரிந்தது? ஏரியின் நீர் திடீரென்று வெட்டுண்டு முடியும் ஓரமும், ஒன்றுமே இல்லாத வெளியும். கட்டாத ஊரைக் கட்டிய ஊராக நம்பவைத்திருந்தது மூடுபனியே என்பதை, விலை கொடுத்து வாங்கியவர்கள் பளிச்சென்ற தெளிவில் கண்டார்கள்.

கண்ணுக்கு இவ்வளவு. ஆனால் விளையாட்டு கண்ணால் மட்டும் ஆடப்படுவதன்று; பொத்தானை அழுத்தும் விரலுக்கும் திரைக்கும் இடையே உள்ள காலம்தான் அதன் பிராணன். குழாய் டி.வி., வந்த சைகையை வந்தவண்ணமே கண்ணாடிமேல் எழுதிவிடும். யோசிப்பதற்கு அதற்கு மூளை இல்லை. புதிய டி.வி.க்கு மூளை உண்டு. 720-ஐ 1080 ஆக்கும், அரைச் சித்திரங்களைத் தைத்து முழுச் சித்திரமாக்கும், சினிமா வழுவழுப்பாக ஓடவேண்டுமென்று இல்லாத சித்திரங்களை இடையிலே கற்பனை செய்து செருகும். இத்தனை உபசாரமும் செய்து முடித்துத் திரைக்கு அனுப்புவதற்குள் சில சித்திரங்களின் நேரம் கழிந்துவிடும். விநாடிக்கு 60 சித்திரங்களில் ஒன்றுக்கு உரிய காலம் விநாடியின் ஆயிரத்தில் 17 பங்குக்கும் குறைவு. சினிமா பார்ப்பவனுக்கு ஓசையும் படமும் சேர்ந்தே தாமதித்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் 2008-ல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் IV-இல் சில அடிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுப்பதற்கு ஒரே சித்திரத்தின் அவகாசம்தான் உண்டு, அங்கே டி.வி. மூன்று சித்திர நேரம் யோசித்துக்கொண்டிருந்தால், ஆடுபவன் நிகழ்காலத்தில் அடிக்க, எதிரி இறந்தகாலத்தில் நிற்பான். இதனாலேயே, சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீ என்ற 2001-ஆம் வருஷத்து விளையாட்டின் பந்தயங்களுக்கு, அதன் வீரர்கள் இன்றளவும் கனத்த குழாய் டி.வி.க்களைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜைமேல் வரிசையாக வைக்கிறார்கள். இளைஞர்களின் பழமைப் பித்து என்று இதை நகைப்பவர்கள் அந்த ஆட்டத்தைப் பத்து நிமிஷம் ஆடிப் பார்க்கட்டும்.

இசைக்குத் தக்கபடி கிடார் வாசிக்கும் ராக் பேண்ட் விளையாட்டை ஆக்கியவர்கள் இந்தத் தாமத நோயை நன்கு அறிந்திருந்தார்கள். 2008-ல் வந்த ராக் பேண்ட் 2-இன் பொம்மைக் கிடாரிலேயே ஒளியை உணரும் கண் ஒன்றும் ஒலியை உணரும் காது ஒன்றும் வைத்து, அதை டி.வி.க்கு எதிரே பிடித்தால் திரை எவ்வளவு சோம்பல் என்று தானே அளந்து, பாட்டை அதற்கேற்பத் தள்ளிவைக்கும்படி செய்தார்கள். நின்டெண்டோவின் வாத்து வேட்டைத் துப்பாக்கிக்கு இந்த வைத்தியமும் பலிக்கவில்லை. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுத்து, அடுத்த கணம் வாத்து இருக்குமிடம் வெண்மையாக ஒளிர, அந்த ஒளி வரவேண்டிய நேரத்தில் வந்ததா என்று துப்பாக்கியின் கண் பார்க்கும். புதிய திரையில் ஒளி வரும்போது துப்பாக்கி பார்ப்பதை நிறுத்தியிருக்கும். வாத்துகள் சாகாவரம் பெற்றுவிட்டன.

இவ்வளவும் சொல்வதால் புதிய திரைக்கு நான் விரோதி என்று யாரும் எண்ணவேண்டாம். எச்.டி.க்கென்றே எழுதப்பட்ட விளையாட்டுகளை மங்கலான குழாயில் ஆடுவது, ஆக்கியோன் எண்ணத்துக்கு அதே அளவு துரோகம். தூரத்து மலைமுகட்டில் அசையும் பகைவனின் நிழலைக் கண்டு ஆடவேண்டிய ஆட்டத்தை, அந்த நிழலே தெரியாத பெட்டியில் ஆடி என்ன பயன்? நான் எதிர்ப்பதெல்லாம், தெளிவு கூடக்கூட எல்லாம் கூடும் என்ற எண்ணத்தைத்தான். நம் கண்ணுக்கே ஓர் எல்லை உண்டு. சாதாரணப் பார்வை உள்ளவர் பிரித்தறியக்கூடிய நுட்பம் டிகிரியில் 60-ல் ஒரு பங்கு. இந்தக் கணக்கின்படி 40 அங்குலத் திரையில் 1080-இன் புள்ளிகளைத் தனித்தனியே காண ஐந்தேகால் அடிக்குள் உட்காரவேண்டும். எட்டு அடிக்கு அப்பால் போய்விட்டால் 720-இன் புள்ளிகளும் தெரியா. அமெரிக்க வீடுகளில் டி.வி.க்கும் நாற்காலிக்கும் இடையே உள்ள தூரத்தை ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் பெர்னார்ட் லெக்னர் ஆராய்ந்து கண்டது ஏறக்குறைய ஒன்பது அடி. ஆகவே 720-க்கும் 1080-க்கும் இடையிலுள்ள வித்தியாசத்துக்கு விலை கொடுத்தவர்களில் பலர், அதைக் காண முடியாத இடத்தில் உட்கார்ந்தே களித்தார்கள். பிளேஸ்டேஷன் 3 வந்த அதே மாதத்தில் வந்து, 480 வரிகளுக்குமேல் ஒரு வரியும் காட்டமாட்டேன் என்று நின்ற நின்டெண்டோவின் வீ, 10 கோடிக்கு மேல் விற்று, எச்.டி. யந்திரங்கள் இரண்டையும் முந்தியது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஜனங்கள் கையை வீசி ஆடுவதற்கு அதை வாங்கினார்கள். வரிகளை எண்ணுவதற்கு அல்ல.

இப்போது 4கே என்று 82,94,400 புள்ளிகள் வந்துவிட்டன. 2020-ல் வந்த யந்திரங்கள் விநாடிக்கு 120 சித்திரங்கள் வரை காட்டுகின்றன. அவற்றோடு சித்திரம் தயாராகும் நேரத்துக்கு ஏற்பத் திரை தன் தாளத்தை மாற்றிக்கொள்ளும் வித்தையும் சேர்ந்திருக்கிறது. புள்ளிகள் பெருகியதைவிட இந்தத் தாளம் கைகூடியதே பெரிய அபிவிருத்தி என்பது என் அபிப்பிராயம்; ஏனெனில் குழாய் போனபோது விரலுக்கும் கண்ணுக்கும் இடையே நேர்ந்த பிளவை அதுவே ஓரளவு அடைக்கிறது.

புதிதாகத் திரை வாங்கப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள்கள் சிலவே. கடைக்காரர் சொல்லும் வரிக்கணக்கைக் கேட்பதற்கு முன், உங்கள் நாற்காலி எத்தனை அடி தூரத்தில் இருக்கிறதென்று அளந்துகொண்டு போங்கள். வீட்டுக்கு வந்ததும் கேபிள் சரியானதுதானா என்று பாருங்கள். பட அமைப்புகளுக்குள் புகுந்து, தாமதத்தைக் குறைக்கும் கேம் மோட் என்பதைக் கண்டுபிடித்துப் போடுங்கள், வழுவழுப்புச் சேர்க்கும் வித்தைகளை அணைத்துவிடுங்கள். பழைய கன்சோல் ஒன்று வீட்டில் இருக்குமானால், பழைய குழாய் டி.வி.யை இடத்தை அடைக்கிறதென்று காயலான் கடைக்குப் போடாதீர்கள். பழுதானாலும், மின்சாரம் நிறுத்திய பிறகும் உள்ளே உயர் அழுத்தம் தங்கியிருக்குமாதலால், நீங்களே திறக்காமல் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள். அந்தக் குழாயைப் பெருங்கம்பெனிகள் எதுவும் இப்போது செய்வதில்லை.